போதகர் கண் காட்டாத பாட்டு

ஒரு பெண்ணின் சாட்சியை நான் பாட்டுப் பாடி அமுக்கினேன். ஆலயத்தில், ஆண்டவர் சந்நிதியில், அத்தனை பேர் முன்னால்! பார்த்தவர்கள் அதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்தார்கள். நானும் மறுக்கவில்லை.

ஜெகதளாவுக்குக் கீழே, தேயிலைக்கு நடுவே இருக்கிறது எங்கள் சின்ன ஆலயம். அங்கே பாட்டு எடுப்பவள் நான். ஞாயிறுதோறும் சாட்சி நேரம் உண்டு. கர்த்தர் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். சிலர் எழுந்தால் உட்காரவே மாட்டார்கள்! மருமகள் வைத்த குழம்புவரை போய்விடுவார்கள். அப்போது போதகர் எனக்குக் கண் காட்டுவார். நான் ஒரு பாட்டை எடுப்பேன். கைதட்டல் கிளம்பும், பேசியவர் உட்கார்ந்துவிடுவார். சபையில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான்.

என் கணவர் செல்வராஜும், என்னோடு இலை பறிக்கும் ஸ்டெல்லாவின் கணவன் டேவிட்டும் பச்சைத் தேயிலையை ஃபேக்டரிக்கு ஏற்றிப் போகும் வண்டியில் ஒன்றாக வேலை பார்த்தார்கள். ஒரு மழைக்காலத்தில், மூடுபனியில், வளைவில் வண்டி கவிழ்ந்தது. டேவிட்டுக்குக் கை முறிந்தது. என் செல்வராஜ் திரும்பி வரவில்லை...

நீங்களே சொல்லுங்கள். வாராவாரம் ஆலயத்தைத் திறந்து, பெருக்கி, மணி அடித்தவர் என் கணவர். டேவிட்டோ கிறிஸ்துமஸுக்கு மட்டும், அதுவும் கேக்குக்காக எட்டிப் பார்க்கிறவன். இதில் கர்த்தர் யாரை விட்டுவைத்திருக்க வேண்டும்? கேட்டேன்! முழங்காலில் நின்று அல்ல, அடுப்படியில் பாத்திரத்தை வீசி எறிந்து, "உமக்குக் கண் இல்லையா?" என்று கேட்டேன். அதற்காக இன்றும் நான் வெட்கப்படவில்லை. அவரிடம் கேட்காமல் வேறு யாரிடம் போய்க் கேட்பது? என் வெட்கம் வேறு.

அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறு, சாட்சி நேரத்தில் ஸ்டெல்லா எழுந்தாள். கையில் கட்டோடு டேவிட் பின் பெஞ்சில் இருந்தான்.

"எல்லாருக்கும் தோத்திரமுங்க. எங்க ஊட்டுக்காரரைக் கர்த்தரு..."

அவ்வளவுதான். போதகர் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் வாயைத் திறந்தேன். உச்சக் குரலில் ஒரு துதிப் பாட்டு! சபை திகைத்தது; பிறகு அழுதுகொண்டே சேர்ந்து பாடியது. ஸ்டெல்லா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"புருசனைப் புதைச்ச ஈரம் காயல, அதுக்குள்ள துதிக்கிறாங்களே!" என்றார்கள். போதகர் பிரசங்கத்தில் சொன்னார். பக்கத்துச் சபைகளில் கூப்பிட்டார்கள். போனேன். பாடினேன். பொன்னாடையைக் கூடப் போர்த்திக்கொண்டேன்... சீ!

என் விசுவாசமே பொய் என்கிறீர்களா? இல்லை, அடித்துச் சொல்வேன். சண்டை போட்டேனே தவிர அவரை விடவில்லை. செல்வராஜ் ஏன் போனார் என்பதற்குப் பதில் கிடைக்காமலே நம்புகிறேன்; அந்தப் பிடி தளராது. ஆனால் அன்றைய பாட்டு அதில் சேராது. அது ஸ்டெல்லாவின் வாயை அடைக்கப் பாடிய பாட்டு.

போன மாதம், இலை பறிக்கும்போது அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் கை நிற்கவில்லை.

"தெரியுமுங்க்கா. போதகரய்யா உங்களைப் பார்க்கலைன்னு நானும்தான் பார்த்தேன்."

"அப்புறம் ஏன்டி இத்தனை வருசமா ஒரு வார்த்தை கேக்கல?"

"அன்னைக்குச் சொல்ல வந்ததே செல்வராஜ் அண்ணனைப் பத்தித்தானுங்க. வண்டி சாயறப்ப அவருதான் எங்க ஊட்டுக்காரரை வெளிய தள்ளி உட்டாரு. உங்க மூஞ்சியப் பார்த்துச் சொல்ல இவருக்குத் தைரியமில்ல, என்னையச் சபையில சொல்லச் சொன்னாரு. நீங்க பாடுனீங்க. கேக்க இஷ்டமில்லையாட்ட இருக்குதுன்னு உட்டுட்டோம்."

என் கணவரின் கடைசிச் செயலை, கத்திப் பாடி நானே அமுக்கியிருக்கிறேன்!

"இப்பச் சொல்லு ஸ்டெல்லா. இந்த ஞாயித்துக்கிழமையே எந்திரிச்சுச் சொல்லு."

"முடியாதுங்க்கா. எந்திரிக்கலாம்னு நெனச்சாலே உங்க பாட்டுதான் காதுல கேக்குது."

நானே சொல்லலாம். சொன்னால் மறுபடியும் என்னைத்தான் மெச்சுவார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

இப்போதெல்லாம் சாட்சி நேரத்தில் வாயை இறுக மூடிக்கொண்டு அவள் பெஞ்சையே பார்க்கிறேன். அவள் எழுவதில்லை. யார் யாரோ எழுகிறார்கள், பேசுகிறார்கள், நீட்டுகிறார்கள். போதகர் கண் காட்டுகிறார். நான் பாட்டை எடுக்கிறேன்.