காலை வெயிலா, மாலை வெயிலா

வீட்டில் அவளைப் பெரியவள் என்பார்கள்; என்னைச் சின்னவள். அவள் என் கணவருடைய அண்ணனின் மனைவி. நான் கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வருவதற்குள் அவள் பதினோரு வருடம் அலுவலகங்களில் தரை துடைத்து, குப்பை கொட்டி, பிறகு நகர ஆவணக் காப்பகத்தில் புகைப்படங்களை அடுக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அங்கே எனக்கும் வேலை வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்தக் காலத்துப் புகைப்படங்கள் பதிந்த கண்ணாடித் தகடுகளைத் துடைத்து ஸ்கேன் செய்வது என் வேலை. ஒப்பந்தம் மாதக் கடைசியோடு சரி. கண்காட்சிப் படங்களுக்குக் கீழே நாலு வரி எழுத ஒருத்தரை நிரந்தரமாக வைக்கப் போகிறார்கள் என்றதும் எனக்குத் தூக்கம் போயிற்று. இரண்டு மொழியில் பட்டம் வாங்கியவள் நான். அவள் பத்தாவது. ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அவள் வாயைத் திறந்தால் மொத்த அலுவலகமும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்கும். எனக்கு வயிறு எரியும்.

மேலாளர் ஒரே படத்தை இருவரிடமும் கொடுத்து எழுதச் சொன்னார். நான் ஸ்கேன் செய்ததுதான். பழைய நீதிமன்றத்தின் நடைவழி. ஆளில்லை. ஜன்னல்கள் வழியே சாய்ந்த வெயில், எதிர்ப்பக்கம் மாடிப்படி. ஒரு நாற்காலி, பக்கத்தில் ஒரு குப்பைக்கூடை.

பெரியவள் எழுதினாள்: 'தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. ஜெயித்தவரும் தோற்றவரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நாற்காலிக்கு மட்டும் இன்னும் தெரியாது.' மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வேண்டாத ஓரகத்தி கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம். நான் நகர வரைபடத்தை விரித்தேன். படத்தில் ஜன்னல்கள் வலப்பக்கம். வாசலில் நின்று பார்த்தால் அந்தக் கட்டடத்துக்கு வலப்பக்கம் கிழக்கு. அப்படியானால் காலை வெயில்!

"அக்கா, கோர்ட்டே இன்னும் தொறக்கலை. அதுக்குள்ள தீர்ப்பு சொல்லி அனுப்பிட்டீங்களே!" என்றேன், எல்லோர் காதிலும் விழும்படி.

"கூடையைப் பாருடி, நிறைஞ்சு வழியுது. காலையில காலியால்ல இருக்கும்? பதினோரு வருஷம் கொட்டினவ சொல்றேன்."

"வரைபடம் பொய் சொல்லாதுக்கா."

"சண்டை வேண்டாம்," என்றார் மேலாளர் என்னைப் பார்த்து. "நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்க. நாளைக்கு முடிவு பண்ணலாம்."

அன்று சாயங்காலமே போனேன். இப்போது அது வரி அலுவலகம். நடைவழியில் கால் வைத்ததும் இடப்பக்க ஜன்னல்களிலிருந்து வெயில் முகத்தில் அறைந்தது. வலப்பக்கம் சுவர்தான், அதை ஒட்டி மாடிப்படி. என் கையிலிருந்த படத்தில் மாடிப்படி இடப்பக்கம்.

கண்ணாடித் தகட்டில் ஒரு முகத்தில்தான் படம் இருக்கும். முகம் மாற்றி வைத்தால் இடம் வலமாகிவிடும். முகம் மாற்றி வைத்தது நான். படத்தில் இருந்தது மாலை வெயில்தான்.

சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? படிக்கட்டில் உட்கார்ந்து அதையே யோசித்தேன். ஆனால் இங்கே தினமும் ஏறி இறங்கும் குமாஸ்தா ஒருவர் கண்காட்சிக்கு வந்தால் போதும், என் மானம் கப்பலேறிவிடும். நல்ல மனதால் அல்ல, பயத்தால்தான் மறுநாள் சொன்னேன்.

"அடிப்பாவி! கண்ணாடியைத் திருப்பிப் போட்டு சூரியனையே இடம் மாத்திட்டியே!" பெரியவள் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். சாப்பாட்டு நேரத்தில் அவள் கணவருக்கும் என் கணவருக்கும் போன் போட்டு வேறு சொன்னாள்.

வேலை அவளுக்குத்தான். படத்தை நான் மறுபடி ஸ்கேன் செய்தேன். கண்காட்சியில் வருகிறவர்கள் அவளுடைய மூன்று வரியைப் படித்துவிட்டு அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

என் ஒப்பந்தத்தை ஆறு மாதம் நீட்டியிருக்கிறார்கள். மேலாளரிடம் போய்க் கேட்டவள் அவள்தானாம். இப்போது மன்னிக்க வேண்டியவை இரண்டாகிவிட்டன.