எது மேலே, எது கீழே

சின்னப்பையா, உன்னிடம் படித்த பிள்ளைகள் உன்னைப் பற்றி எழுதித் தரச் சொல்கிறார்கள். ஐந்தாம் வகுப்பு தாண்டாதவள் நான். இந்த எழுத்தைப் பார்த்தால் நீ சிரிப்பாய்.

பிள்ளைகளே, உங்களுக்கெல்லாம் அவர் திண்டிவனத்துக் கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்த சார். எங்களுக்குத் தலை நரைத்த பிறகும் சின்னப்பையன்தான். செய்தி வந்தபோது வளவனூர் வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். அவனோடு வேலை செய்கிறவர் போன் செய்தார். “அக்கா, சார் மயங்கி விழுந்துட்டாரு. ஜல்தி கிளம்பி வாங்க” என்றார். குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் அவளையும் பஸ்ஸில் ஏற்றினேன். விழுப்புரத்தில் பஸ் மாறும்போது பிள்ளைக்குக் காய்ச்சலா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவன் என் தம்பி. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தால் என் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பான். ருசியாக இருப்பது ஒரு மதிப்பு, உபயோகமாக இருப்பது ஒரு மதிப்பு, நல்லது என்பது ஒன்று, சாமி என்று கும்பிடுவது இன்னொன்று. இதெல்லாம் ஏணிப்படி மாதிரி ஒன்றுக்கு மேல் ஒன்றா, ஒவ்வொரு படிக்கும் இதுதான் எல்லை என்று சொல்ல முடியுமா என்பான். வருஷக்கணக்காக இதே பேச்சு. எனக்கு அசதியாக இருக்கும். “ஏணிய அப்புறம் வைடா, மொதல்ல சாப்புடு” என்பேன்.

ஒரு தடவை உங்களில் சிலரை வீட்டுக்கு அழைத்து வந்திருந்தான். நான் கழனியில் இருந்தேன். வந்தவர்களுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று மூலையிலிருந்த மூட்டையை அவிழ்த்து மல்லாட்டையை, வேர்க்கடலையைத்தான், வறுத்துவிட்டான். அது விதைக்கென்று பொறுக்கி, வேப்பிலை போட்டுக் கட்டி வைத்தது. சோறில்லாத நாளிலும் அதில் கை வைக்க மாட்டோம். அம்மா பார்த்துவிட்டு, “வர்ற பட்டத்துல எதைடா வெதைப்ப, உன் புத்தகத்தையா?” என்றாள். தின்றுகொண்டிருந்தவர்கள் கை அப்படியே நின்றுவிட்டதாம். பிறகு அவளே உள்ளே போய் வெல்லம் உடைத்துக்கொண்டு வந்து, “வறுத்தது மொளைக்கவா போவுது, துன்னுங்கப்பா” என்று எல்லார் கையிலும் வைத்தாளாம்.

அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னான்: “படி இருக்குதுக்கா. விதை மேல, தீனி கீழ. ஆனா வந்தவன் பசின்னா அம்மாவே மாத்தி வைக்கிறா. அப்ப எல்லைய எங்க போடறது?”

இதையே வகுப்பிலும் சொல்வானாம். எல்லை போட முடியவில்லை என்பதால் படியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள் என்பானாம். நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்தப் பாடம் எனக்கு ஆஸ்பத்திரி வராண்டாவில் வந்தது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அவன் போய்விட்டிருந்தான். செத்தால் தன் உடம்பை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட வேண்டுமென்று முன்பே என்னிடம் சரி வாங்கியிருந்தான். அது எங்கே இப்போது நடக்கப்போகிறது என்று நினைத்து நானும் சரி சொல்லிவைத்திருந்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஊருக்கு எடுத்துக்கினு போயிடலாம்டி. உங்கப்பா சமாதி பக்கத்துல வெச்சிட்டா போதும்.”

நான் கையெழுத்துப் போட்டேன். அவன் உடம்பு, அவன் சொன்னதுதான் மேல் என்று அப்போது தோன்றியது. இப்போது அப்படித் தோன்றுகிற நாளும் உண்டு, தோன்றாத நாளும் உண்டு.

அவன் புத்தகங்களைக் கல்லூரிக்கே கொடுத்துவிட்டேன். அந்தக் கேள்வி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. சோறு வடிக்கும்போதும் பக்கத்திலேயே நிற்கிறது.

அம்மா அழவில்லை. அவன் உடம்பை ஏதோ பாடத்துக்காக வாங்கிப்போயிருக்கிறார்கள், முடிந்ததும் தந்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். காலையில் தட்டை முன்னால் வைத்தால், “இன்னிக்காவது குடுப்பாங்களா?” என்கிறாள். நாளைக்கு என்று நான் சொன்னால் ஒரு வாய் சாப்பிடுகிறாள். உள்ளதைச் சொன்னால் அதுவும் இறங்காது. பொய் சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது. நாளைக் காலையில் அவள் கேட்கும்போது நான் என்ன சொல்லட்டும், சின்னப்பையா?