நாலு எட்டில் ஜெயகுமாரி

வகுப்பில் பெஞ்சைச் சுற்றிக்கொண்டு போகிற வழக்கம் ஜெயகுமாரிக்குக் கிடையாது. சாய்மானத்தின் மேலாக ஒரு காலை வீசுவாள், மறுகால் மடங்கிப் பின்னே வரும், உட்கார்ந்துவிடுவாள். கையில் திறந்த மைப்புட்டி இருந்தாலும் இப்படித்தான். கரடியூரிலிருந்து ஏற்காட்டுப் பள்ளிக்கு வருகிற பத்தாம் வகுப்பு மாணவி. உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது.

விளையாட்டு டீச்சர் சாந்தாமேரியின் நோட்டில் இவள் கணக்கு பார்க்கச் சகிக்காது. நூறு மீட்டரில் கடைசி. நின்ற இடத்திலிருந்து தாவுவதில் கடைசிக்கு முந்தைய இடம். காலை நீட்டிக் குனியச் சொன்னால் மட்டும் நெற்றி முழங்காலில் போய்ப் படுத்துக்கொள்ளும். "வளையறதுக்கெல்லாம் பதக்கம் தரமாட்டாங்க கண்ணு" என்றார் டீச்சர்.

அப்புறம் தடைகளை வரிசையாக வைத்து ஓடவிட்டால், வெறுந்தரையில் இவளை முந்திய அத்தனை பேரும் பின்னால் வருகிறார்கள். டீச்சர் ஸ்டாப்வாட்ச்சைக் காதில் வைத்துப் பார்த்தார். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"எப்படிடி தாண்டறே?"

"நான் எங்கீங்க டீச்சர் தாண்டறேன்? நடக்கறப்ப காலெடுத்து வெக்கற மாதிரித்தானுங்க. கட்டை அதுபாட்டுக்கு நடுவுல நிக்குது."

ஊற்றுக்கும் இவள் வீட்டுக்கும் நடுவே, காப்பித் தோட்டத்தில் மாடு நுழையாதிருக்க ஏழு இடத்தில் குறுக்கே மூங்கில் கட்டியிருக்கிறார்கள். இடுப்பில் குடம் எந்தப் பக்கமோ, அதற்கு எதிர்க்கால் முதலில் போகும். இடுப்பு வலித்தால் குடமும் மாறும், காலும் மாறும். எம்பிக் குதித்தால் தண்ணீர் சிந்தும், அம்மா திட்டுவாள்.

தடைகளுக்கு நடுவே மூன்று எட்டு வைப்பது உயரமானவர்களின் பாக்கியம். குட்டையானவர்கள் ஐந்து வைத்துப் பின்தங்குவார்கள். நான்கு வைத்தால் ஒவ்வொரு தடைக்கும் கால் மாற்ற வேண்டும். மாற்றப் போனவர்கள் பெரும்பாலும் தடையைக் கட்டிக்கொண்டு விழுவார்கள். எந்தக் கால் முதலில் என்று யோசிக்கவே தெரியாத ஜெயகுமாரி நான்கு வைக்கிறாள்.

எண்பத்தாறில் சேலத்தில் மாவட்டப் போட்டி. முதலில் வருகிற ஒருத்திதான் மாநிலப் போட்டிக்கு மெட்ராஸ் போகலாம். பத்தாவது முடிந்ததும் இவள் தோட்டவேலைக்கு என்று வீட்டில் முடிவாகியிருந்ததால், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு வழியில்லை.

போன வருடம் ஜெயித்த கலாவதி இவளைவிட ஒரு முழம் உயரம். "ஏம்புள்ள, கட்டைக்கு அடியில பூந்து போயிரலாம்னு வந்தியா?"

"பூந்தாலும் உங்களுக்கு முன்னாடிதானுங்க அக்கா போவேன்."

ஐந்தாவது தடைவரை கலாவதிதான் முன்னால். ஆறாவதில் அவளுக்கு மூச்சு குறைந்தது. மூன்று எட்டு நீளம் போதாமல் முழங்கால் கட்டையில் இடித்தது. பக்கத்துக் கோட்டில் இடதுகால், வலதுகால், இடதுகால் என்று மாறி மாறிப் போய்க்கொண்டிருந்த ஜெயகுமாரி அவளை முந்திப்போய், முடிவுக்கோட்டு நாடாவை மார்பில் வாங்கிக்கொண்டாள்.

"நான் அன்னிக்கே சொன்னேனுங்க!" என்று பக்கத்திலிருந்தவர் தோளை உலுக்கினார் சாந்தாமேரி டீச்சர். அன்றைக்குச் சொன்னது வேறு.

பரிசு வழங்க வந்த பெரியவர், உயரமான கழுத்தே ஜெயித்த கழுத்து என்று எண்ணி, இரண்டாம் படியில் நின்ற கலாவதிக்குத் தங்கப் பதக்கத்தை மாட்டிவிட்டார். மைதானமே கூச்சலிட்டது. ஜெயகுமாரி எட்டி அதைக் கழற்றினாள். தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ரிப்பனில் ஒரு முடிச்சும் போட்டுக்கொண்டாள்.