கட்டினபடி இருந்த படலை

“உவள் படிச்சு எந்த ஊருக்குப் போகப்போறாள்?” என்று எங்கள் ஊர்க் காணிக்காரர் ஒருவர் அம்மாவிடம் கேட்டார். அப்போது எனக்கு ஆறு வயது.

பல வருடங்களுக்குப் பிறகு, இங்கிலாந்தின் ஒரு சின்னக் கிராமத்தில், வேலியிலிருந்த மரப் படலை ஒன்று கிறீச்சிட்டபோது அது நினைவுக்கு வந்தது. சிட்னியிலிருந்து அம்மாவை நான்தான் கூட்டி வந்திருந்தேன். சுரங்கத் தொழிலாளர் வேலைக்கு நடந்து தேய்த்த பாதை, இன்று ஒரு பண்ணையின் புல்வெளிக்குள்ளால் போகிறது. யாரும் நடக்கலாம், படலையை மூடிவிட்டுப் போங்கள் என்றது பலகை.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பள்ளிக்கூடத்துக்கான குறுக்குப் பாதை அந்தக் காணிக்காரருடைய காணிக்குள்ளால் போனது. எங்கள் ஆட்கள் அவருக்குக் கிணறு வெட்டப் போனபோது அந்தப் பாதை அவர் கண்ணில் படவில்லை. நான் புத்தகப் பையோடு போனபோதுதான் பட்டது.

“முதல்ல பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும் ஐயா,” என்று அவருடைய கேள்விக்குப் பதில் சொன்னார் அம்மா.

மறுநாள் காணிக்காரர் பாதையிலிருந்த படலையைக் கம்பியால் கட்டியிருந்தார். அம்மா அதை அவிழ்த்து, என்னை உள்ளே விட்டு, திரும்பவும் இறுக்கிக் கட்டினார். விரல்களில் துரு மணத்தது. முற்றத்தில் நின்றவரிடம் சொன்னார்: “கட்டினது கட்டினபடி இருக்கு ஐயா. நாங்கள் போட்டு வாறம்.”

தினமும் அப்படித்தான் போனோம்.

அதே அம்மா இப்போது இங்கிலாந்துப் படலையடியில் தயங்கினார். “பிறத்தியாற்ற காணி பிள்ளை. ஏதும் சொல்லுவாங்கள். திரும்புவம்.”

“படலை இருந்தபடி இருக்கும் அம்மா, வாங்கோ,” என்றேன்.

அதற்குள் நான் புல்வெளியில் நின்று, அவருக்காகப் படலையைத் திறந்து பிடித்திருந்தேன்.