மயில்கழுத்துப் பூச்சாடி

கண்ணாடியைப் புளி போட்டுத் துலக்கிய பெண் பாளையங்கோட்டையிலேயே என் அம்மா ஒருத்தியாகத்தான் இருந்திருப்பாள்.

எனக்கு அப்போது ஏழு வயது. அப்பாவின் தங்கையான என் அத்தை, புருஷனை இழந்து எங்கள் வீட்டோடு இருந்தாள். மிஷன் பெண்பள்ளிக்கூடத்தில் வாத்திச்சி வேலை. அதுதான் அவளுக்குப் பிடிமானம். பள்ளிக்கூடத்துத் துரைசானி கோடைக்கு மலைக்குப் போகும்போது, சீமையிலிருந்து வந்த தன் கண்ணாடிப் பூச்சாடியை அத்தையை நம்பி ஒப்படைத்துவிட்டுப் போனாள். பாதி விரிந்த தாமரை போல இருக்கும். கொஞ்சம் மங்கல்தான். ஆனாலும் இப்படித் திருப்பினால் மயில்கழுத்து நிறம், அப்படித் திருப்பினால் பொன்வண்டு முதுகு. ஓர் ஆள் குழாயில் வாய் வைத்து ஊதி ஊதியே அதைச் செய்தானாம். அத்தை பெருமையாகச் சொன்னாள்.

அம்மா முகத்தைச் சுளித்தாள். "வாய் வச்சு ஊதுனதா? அப்பம் எச்சிப் பாத்திரம்லா!"

போதாததற்கு, அந்த மினுக்கம் தண்ணீரில் மண்ணெண்ணெய் மிதப்பது போல அவள் கண்ணுக்குப் பட்டது. அடுத்தவர் பாத்திரத்தைத் துலக்காமல் திருப்பிக் கொடுப்பது எங்கள் வீட்டில் பாவத்தோடு சேர்த்தி. துரைசானி திரும்புகிற வாரம், அத்தை வெளியே போன நேரம் பார்த்து, புளியும் சாம்பலுமாக அம்மா ஒரு பிடி பிடித்தாள். கறுப்பாக வழிந்தது. மினுக்கம் மட்டும் போகவில்லை. சாடி கொடாக்கண்டன், அம்மா விடாக்கண்டன்.

அத்தை வந்து அந்தக் கறுப்புத் தண்ணீரைப் பார்த்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டாள். "நிறத்தையெல்லாம் கரைச்சிட்டியளே மைனி! எவ் வேலைக்கே உலை வச்சிட்டியளே!"

இரண்டு நாள் அம்மாவோடு அவள் பேசவில்லை. அம்மா சாப்பிடவில்லை.

துரைசானியே வீட்டுக்கு வந்தாள். சாடியைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதைத் தேய்த்தது யார்?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டாள். "நாந்தாம்மா தேச்சேன்."

துரைசானி சிரித்துவிட்டாள். வருஷக்கணக்காக விளக்குப் புகை படிந்து மங்கிக் கிடந்ததாம். இப்படி ஒரு நிறம் அதற்குள் இருப்பதையே அவள் மறந்துவிட்டாளாம். அத்தையின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அப்பாடா என்று எங்கள் வீடே மூச்சு விட்டது. அம்மா அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள். அத்தை பக்கத்தில் இருந்து பரிமாறினாள்.

எனக்குத்தான் ஆறவில்லை. கை தேயத் தேய்த்தது அம்மா, பேரைத் தட்டிக்கொண்டு போனது அத்தையா? அவள் நீட்டிய கருப்பட்டி மிட்டாயைக்கூட வாங்க மறுத்தேன். திருடி என்றே பல வருஷம் அவளை மனதில் எழுதி வைத்திருந்தேன்.

அத்தை "நாந்தாம்மா" என்று சொன்னபோது துரைசானி இன்னும் சிரித்திருக்கவில்லை. அது எனக்கு அன்று உறைக்கவில்லை.