பம்புசெட்டுக்குப் பூஜை செய்யும் முறை

எலப்புள்ளிக்குக் கரண்டு வந்ததிலிருந்து எங்கள் கடையில் பம்புசெட் விற்பனை அமோகம். ஆனால் அதில் ஒட்டியிருக்கும் ‘இயக்கும் முறை’ குறிப்பை யாரும் படிப்பதில்லை. வீட்டுக்குப் போனதும் பூஜை. சந்தனத்தை அந்தத் தாள் மேலேயே அப்புவார்கள். பம்பில் தண்ணீர் நிரப்பாமல் சுவிட்சைப் போடுவார்கள். பம்பு கெட்டால் வசவு எனக்கு.

போன வாரம் அந்தக் குறிப்பின் தலைப்பை மட்டும் மாற்றினேன்: ‘பூஜை செய்யும் முறை’.

இன்று, புதுப் பம்பு வாங்கிய ராமசாமி அண்ணன் தோட்டத்தில், அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் சத்தமாகப் படித்தார். பயபக்தியோடு குடம் குடமாகப் பம்பில் ஊற்றினார். சுவிட்சைப் போட்டதும் காய்ந்த வயலுக்குத் தண்ணீர் பாய்ந்தது. எனக்கே குதிக்கத் தோன்றியது!

அண்ணனுக்கு ஒரே குறை.

“ஏனுங்க, சூடம் எப்பக் காட்டோணும்னு இதுல போடவே இல்லீங்களே?”

சுவிட்சுக்கு முன்னாலா, பின்னாலா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், சேர்த்துவிடுகிறேன்.