காலி ஃபோல்டரில் விழுந்த முப்பத்தெட்டு படங்கள்

கண் ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் "சர்வர் அக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். சீட்டு எழுத வந்தவர். கம்ப்யூட்டர் பார்த்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டபோது, "நான் பாக்கறேன்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். பஸ் ஓட்டும் கணவர், "வீட்டு ரிமோட்டே உன் பேச்சக் கேக்காதே!" என்று சிரித்தார். அவர் விடவில்லை. தப்பும் தவறுமாகத் தட்டித் தட்டியே கற்றுக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நோயாளிகளின் கண் படங்களெல்லாம் சேரும் சர்வர் கம்ப்யூட்டரை அணைத்து, புது டிஸ்க் ஒன்றைப் பொருத்தி மறுபடி போட்டார். பச்சை விளக்கு எரிந்தது. வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் பதினோரு மணிக்குப் பெரிய டாக்டர் நேரே வந்து நின்றார்.

"என்னம்மா, பழைய விழித்திரைப் படம் ஒண்ணுகூட இல்ல? ஆபரேஷனுக்கு ஒருத்தர் காத்திருக்காரு. போன வருஷப் படத்தப் பாக்காம நான் எப்படிக் கத்திய எடுக்கறது?"

அக்கா படங்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தார். ஒன்பது வருஷப் படங்கள் இருந்த இடத்தில், அன்று காலை எடுத்த முப்பத்தெட்டு மட்டும் இருந்தன.

புது டிஸ்க் வந்ததில் டிஸ்குகளின் வரிசை மாறியிருந்தது. "இரண்டாவது டிஸ்கை இங்கே மவுண்ட் செய்" என்று டிஸ்கை ஃபோல்டரோடு இணைக்க அவர் சர்வரில் என்றோ எழுதிய வரி, ஒன்றுமில்லாத புதிய டிஸ்கைப் போய்த் தட்டி, இணைக்க முடியாமல் விட்டிருக்கிறது. படங்கள் உள்ள டிஸ்க் சேராமலே நின்றது; காலைப் படங்கள் வெறும் ஃபோல்டரிலேயே விழுந்திருந்தன.

"படம் எங்கயும் போகல டாக்டர். டிஸ்க் சேரல. பத்து நிமிஷம் குடுங்க."

கட்டளையைத் தட்டப் போன கை நின்றது. இப்போதே மவுண்ட் செய்தால் பழைய டிஸ்க் அந்த ஃபோல்டரின் மேல் வந்து உட்கார்ந்து, காலைப் படங்கள் அடியில் மறைந்துவிடும். அழியாது, ஆனால் யார் கண்ணிலும் படாது. கேமரா அறைக்குப் போன் போட்டு, "நான் சொல்ற வரைக்கும் புதுசா படம் எடுக்காதீங்க" என்றார். முப்பத்தெட்டையும் வேறிடத்துக்கு நகர்த்தினார். அந்த வரியில் 'இரண்டாவது' என்ற வரிசைப் பெயரை அடித்துவிட்டு, டிஸ்கின் மாறாத அடையாள எண்ணை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து எழுதி, மவுண்ட் செய்தார். பழைய படங்கள் வந்து நின்றன. பிறகு காலைப் படங்களையும் அதே இடத்தில் சேர்த்தார்.

"மெஷின் கோளாறா?" என்றார் டாக்டர்.

"இல்ல டாக்டர், என் தப்பு. நேத்தே ஃபோல்டரத் திறந்து பாத்திருக்கணும்."

"அத அந்தப் பெரியவர்கிட்ட வந்து சொல்லு. ஆபரேஷனுக்காகக் காலைலேந்து பசியோட உக்காந்திருக்காரு."

போய்ச் சொன்னார். பெரியவர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் அவருடைய போன வருஷப் படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். விழித்திரையில் இருந்த கோளாறு ஒரு வருஷத்தில் பெரிதாகவில்லை.

"ஆபரேஷன் இப்ப வேண்டாம்."

"அப்ப நான் சாப்பிடலாமா?" என்று பெரியவர் எழுந்துவிட்டார்.

சாயங்காலம் கூட்டம் கலைந்ததும், டிஸ்க் சேராதபோது அந்தக் காலி ஃபோல்டரில் யாரும் எதையும் எழுத முடியாதபடி பூட்டினார். சர்வரை ஒருமுறை அணைத்துப் போட்டு, படங்களைத் திறந்து பார்த்துவிட்டே பையைத் தூக்கினார்.